சுபேதார் ராம்ஜியின் விழிப்பு

கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பள்ளிகளைப் பற்றி எழுதுவர். சட்டங்களைப் பற்றி எழுதுவர். பட்டம் பெற்றுப் பதவி வகித்தோரைப் பற்றியும் எழுதுவர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அவன் என்ன கற்றுக்கொண்டு வருகிறானோ, எந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு வருகிறானோ என்று வாயிற்படியில் காத்திருந்த பெற்றோரைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும் ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வி வரலாற்றைப் பொறுத்தமட்டில், அந்த வாயிற்படியே முதல் பள்ளிக்கூடம் ஆகும். அங்கே பெற்றோர் கொண்ட மனவேதனையும் பெருமிதமுமே பிற்காலத்தில் பல்கலைக்கழகப் பட்டங்களாக மலர்ந்தன.

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், நம் இளைஞர்களும் உறுப்பினர்களும் எண்ணிப் பார்ப்பதற்குரிய ஒரு பெற்றோரின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன். அவர் அரசர் அல்லர், தலைவர் அல்லர், படையில் சுபேதார் பதவி வகித்து ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியர். ராம்ஜி மாலோஜி சக்பால் என்பது அவர் பெயர். அண்ணல் அம்பேத்கரின் தந்தை என்று கூறினால் யாவரும் அறிவர். மகனின் புகழ் தந்தையின் உழைப்பை மறைத்துவிடுதல் உலக இயல்பு. அந்த உழைப்பைச் சற்றே விலக்கிக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூடியிருந்த கதவுகள்

ராம்ஜியின் காலத்தில் மேற்கு இந்தியாவில் தாழ்த்தப்பட்டோர் கல்வி எந்நிலையில் இருந்தது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1856-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தார்வார் நகரத்தில் மகர் வகுப்பைச் சேர்ந்த ஒரு சிறுவன் அரசாங்கப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளுமாறு விண்ணப்பம் செய்தான். பள்ளி அரசாங்கத்துடையது, செலவிடப்பட்ட பணம் பொதுமக்களுடையது. இருந்தும் ஒரு சிறுவனுக்காக மற்றையோரைப் பகைத்துக்கொள்ள இயலாது என்று கருதி, பம்பாய் அரசாங்கம் அவனுக்கு இடம் மறுத்தது. அரசாங்கப் பள்ளிகள் எல்லா வகுப்பினருக்கும் பொதுவானவை என்னும் கொள்கை பின்னர் மேலிடத்தால் வலியுறுத்தப்பட்டது. ஆனால் கொள்கை காகிதத்தில் இருந்தது. சிறுவன் தெருவில் இருந்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, மகாத்மா சோதிராவ் புலேயும் அவர்தம் துணைவியார் சாவித்திரிபாயும் புனே நகரில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கியிருந்தனர். அவை இருள் நடுவே ஏற்றிய அகல் விளக்குகள்.

இத்தகைய காலத்தில் ராம்ஜி எழுத்தறிந்தது எவ்வாறு? படைமுகாமின் வாயிலாக என்பதே விடை. அவர்தம் தந்தை மாலோஜியும் படையில் பணியாற்றியவர். அந்நாளில் படைமுகாம்களில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, கல்வி கட்டாயமாக இருந்தது. ஊரில் கோயிற்படி ஏறக்கூடாது என்று விலக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, முகாமில் பலகையும் பலப்பமும் ஏந்தி அமர முடிந்தது. ராம்ஜி புனேயில் இருந்த படைத்துறை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் தேறிப் படைப்பள்ளி ஆசிரியரானார். பதினான்கு ஆண்டுகள் தலைமையாசிரியராகவும் பணியாற்றினார். 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவில் உள்ள மாவ் படைமுகாமில், அவருக்கும் பீமாபாய் அம்மையாருக்கும் பதினான்காம் குழந்தையாகப் பீமராவ் பிறந்தார்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் மகர் வகுப்பாரைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. பல தலைமுறைகளுக்குச் சோறும் கல்வியும் அளித்த கதவு ஒரே ஆணையால் அடைபட்டது. அதனை எதிர்த்து அரசாங்கத்துக்கு விண்ணப்பம் அனுப்பும் முயற்சியில் ராம்ஜி ஈடுபட்டார். அதற்கென மகாதேவ கோவிந்த ரானடேயின் உதவியையும் நாடினார். பயன் கிட்டவில்லை. தமக்குக் கிடைத்த வாய்ப்பு தம் பிள்ளைகளுக்கு இனி அவ்வழியில் கிடைக்காது என்பதை அவர் உணர்ந்திருத்தல் வேண்டும். கிடைத்த கல்வியைத் தலைமுறைக்குக் கடத்தும் பொறுப்பு இனி அரசாங்கத்தின் கையில் இல்லை. தந்தையின் கையிலேயே இருந்தது.

சாக்குத் துணியும் தண்ணீர்க் குழாயும்

ஓய்வுபெற்ற ராம்ஜி சில காலம் தபோலியிலும் பின்னர் சதாராவிலும் குடும்பத்துடன் வாழ்ந்தார். பதினான்கு மக்களுள் எஞ்சியவர் மூன்று ஆண்மக்களும் இரு பெண்மக்களுமே. பீமராவ் சின்னஞ்சிறுவராக இருந்தபோதே தாயார் மறைந்தார். தாயற்ற பிள்ளைகளை வளர்க்கும் கடமை தந்தையையும் அத்தையையும் சார்ந்தது.

சதாராப் பள்ளியில் பீமராவ் பட்ட துயரத்தை அவரே பின்னாளில் எழுதி வைத்துள்ளார். மற்ற மாணவர்களுடன் அமரக்கூடாது. தனித்து ஒரு மூலையில், தாம் வீட்டிலிருந்து கொண்டுசெல்லும் சாக்குத் துணியின் மீது அமர வேண்டும். பள்ளியைத் துப்புரவு செய்யும் பணியாளும் அந்தச் சாக்கைத் தொடமாட்டான். ஆதலால் மாலையில் சுருட்டி வீட்டுக்கு எடுத்துவந்து மறுநாள் மீண்டும் கொண்டுசெல்ல வேண்டும். தாகம் எடுத்தால் தாமே குழாயைத் திறத்தல் கூடாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்தால்தான் தண்ணீர். சேவகன் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. நாவிதர் தலைமுடி திருத்த மறுத்ததால், தமக்கையே தம்பிக்கு முடி வெட்டிவிட்டார்.

இக்காட்சியைத் தந்தையின் நிலையிலிருந்து எண்ணிப் பாருங்கள். அவர் தாமே ஓர் ஆசிரியர்; ஒரு பள்ளியின் தலைமைப் பீடத்தில் பதினான்கு ஆண்டுகள் அமர்ந்திருந்தவர். அவர் பெற்ற மகன் சாக்குத் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு திரும்புகிறான். "போதும் இந்தப் படிப்பு" என்று சொல்லிவிட எத்தனையோ காரணங்கள் இருந்தன. அவர் அவ்வாறு சொல்லவில்லை. மறுநாள் காலையில் அதே சாக்குடன் மகனை மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். அவமானத்தைக் காட்டிலும் அறியாமை கொடியது என்று தெளிந்த உள்ளத்துக்கே அது இயலும்.

பிழைப்பின் பொருட்டு ராம்ஜி கோரேகானில் காசாளர் பணி ஏற்றார். பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக அங்கே அரசாங்கம் ஏரி வெட்டிக்கொண்டிருந்தது. 1901-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் தந்தையைக் காணப் புகைவண்டியில் புறப்பட்ட பிள்ளைகள், வழியில் வண்டியும் தண்ணீரும் மறுக்கப்பட்டு ஓர் இரவு முழுதும் அல்லலுற்ற செய்தியை அம்பேத்கர் விரிவாக எழுதியுள்ளார். அவர்கள் எழுதிய கடிதம் பணியாளின் மறதியால் தந்தையின் கைக்குச் சேரவில்லை. அதனாலேயே அழைத்துச் செல்ல ஆள் வரவில்லை. புத்தாடை உடுத்தித் தந்தையைக் காண வந்த சிறுவர்கள், தண்ணீரும் அருந்தாது வந்துசேர்ந்த கோலம் அத்தந்தையின் நெஞ்சை எவ்வாறு அறுத்திருக்கும் என்பதை எழுதவும் வேண்டுமோ?

படிக்க விரும்பாத பிள்ளை

பெரியோர்களின் இளமையைக் கூறும்போது, அவர்கள் பிறவியிலேயே நூலும் கையுமாகத் தோன்றியவர்கள் போலப் புனைந்துரைப்பது வழக்கமாகிவிட்டது. அது நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நன்மை செய்வதன்று. சிறுவன் பீமராவ் தொடக்கத்தில் பாடநூல்களில் பெரிதும் நாட்டம் கொண்டவர் அல்லர். செடிகொடிகளில் விருப்பம் கொண்டிருந்தார், ஆடு மேய்த்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டது அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. வீட்டைச் சார்ந்திராமல் தாமே பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணி, பம்பாய் சென்று ஆலைத் தொழிலாளியாக முடிவு செய்தார்.

வழிச்செலவுக்குப் பணம் வேண்டுமே! அத்தை இடுப்பில் செருகியிருந்த பணப்பையைத் திருட மூன்று இரவுகள் முயன்று, நான்காம் இரவில் வெற்றி பெற்றார். பையைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது அரையணா! அரையணாவுக்குப் பம்பாய் எங்கே கிடைக்கும்? அந்த ஏமாற்றத்திலேதான் அவர் மனம் திரும்பியது. கடுமையாகப் படித்து விரைவில் தேறுவதே தம் காலில் நிற்பதற்கு வழி என்று முடிவு செய்ததாக அவரே கூறியுள்ளார். அதுவரை அவரைப் பற்றி ஆசிரியர்களிடமிருந்து தந்தைக்கு வந்தவை குறைபாடுகளே.

எனவே, "என் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை" என்று மனம் வெதும்பும் பெற்றோர்க்கு ஒன்று சொல்வேன். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேரறிஞரின் தந்தையும் ஒரு காலத்தில் அவ்வாறு வெதும்பியவரே. பிள்ளையின் நெஞ்சில் படிப்பின் மீது விருப்பம் எந்நாளில் துளிர்க்கும் என்று எவராலும் கூற இயலாது. அந்நாள் வரும்வரை அவனைப் பள்ளியில் நிலைநிறுத்தி வைத்திருப்பதே பெற்றோரின் கடமை.

பரேலில் ஓர் அறை

பின்னர் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர்கள் வாழும் குடியிருப்பில் ஒற்றை அறை. அதிலேயே அடுப்பு, விறகு, பாத்திரம், படுக்கை யாவும். இரவில் எல்லாரும் படுத்தால் கால் நீட்ட இடமில்லை, இரைச்சலோ ஓய்வதில்லை. இவ்வறையில் மகன் படிப்பதற்கு ராம்ஜி ஓர் ஏற்பாடு செய்தார். மாலையிலேயே மகனைத் தூங்கச் செய்வார், தாம் விழித்திருப்பார். இரவு இரண்டு மணியளவில் ஊர் அடங்கியதும் மகனை எழுப்பி விளக்கின் முன் அமர்த்திவிட்டு, அவன் படுத்திருந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். இடம் ஒன்று, தூக்கம் பங்கு போடப்பட்டது. பணத்தால் இயலாத உதவியை அத்தந்தை தம் விழிப்பினால் செய்தார்.

ஆங்கிலத்திலும் மொழிபெயர்ப்பிலும் மகனுக்கு அவரே பயிற்சி அளித்தார். பாடநூல்களை விடுத்து மற்ற நூல்களில் மகன் மூழ்குவது அவருக்கு உவப்பாக இல்லை. ஆயினும் நூல் வேண்டும் என்று மகன் கேட்டால் இல்லை என்று சொன்னதில்லை. கையில் காசில்லாதபோது மணமான தம் மகளிடம் சென்று கடன் கேட்பார். அங்கே கிடைக்காவிடில் மற்றொரு மகளிடம் சென்று நகையைப் பெற்று அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். அடுத்த நூலுக்கு அதே நகை மீண்டும் அடகுக் கடைக்குச் செல்லும்.

இவ்விடத்தில் நம் சமுதாயம் நன்றியுடன் நினைக்க வேண்டியவர்கள் இன்னும் சிலர் உளர். நகை கொடுத்த தமக்கையர் இருவர். இருவரையும் படிக்கவைக்கக் குடும்பத்தின் வருமானம் போதாதபோது, தம் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்குச் சென்ற தமையன் ஆனந்தராவ் மற்றொருவர். பட்டம் ஒருவர் பெயரால் வழங்கப்படுகிறது; அதற்கான விலையைக் குடும்பமே கொடுக்கிறது. படித்து உத்தியோகம் பெற்ற நம் இளைஞர்கள், தமக்காகப் படிப்பை விட்ட அண்ணனையும், தமக்காகத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த அக்காளையும் மறத்தல் ஆகாது.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி பம்பாயின் புகழ்மிக்க அரசாங்கப் பள்ளி. அங்கும் தீண்டாமை காத்திருந்தது. ஒரு நாள் ஆசிரியர் பீமராவைக் கரும்பலகைக்கு அழைத்துக் கணக்கொன்றைச் செய்யுமாறு பணித்தபோது, பலகையின் பின்னே உணவுப் பெட்டிகளை வைத்திருந்த மற்ற மாணவர்கள் கூச்சலிட்டு ஓடிச்சென்று அவற்றை அகற்றினர். அதன் பின்னரே அவர் பலகையைத் தொட முடிந்தது. மகன் வடமொழி கற்க வேண்டும் என்பது ராம்ஜியின் ஆசை. தாழ்த்தப்பட்ட மாணவனுக்கு அம்மொழியைக் கற்பிக்க ஆசிரியர் மறுத்ததால், பாரசீக மொழியை எடுத்துக்கொள்ள நேர்ந்தது. தந்தையின் நிறைவேறாத ஆசைகளுள் இதுவும் ஒன்று. பிற்காலத்தில் அம்பேத்கர் தம் முயற்சியால் வடமொழியைக் கற்றுத் தேர்ந்தார்.

பாராட்டு விழாவுக்கு மறுத்த தந்தை

ராம்ஜியின் உள்ளத்தை நன்கு காட்டும் நிகழ்ச்சி ஒன்றை அம்பேத்கரே தம் வாழ்வின் இறுதி ஆண்டான 1956-இல், புத்தரைப் பற்றிய தம் நூலுக்கு எழுதிய முன்னுரையில் குறிப்பிட்டுள்ளார். அவர் ஆங்கில நான்காம் வகுப்பில் தேறியபோது, சமுதாயத்தார் ஒரு பொதுக்கூட்டம் கூட்டிப் பாராட்ட விரும்பினர். மற்ற வகுப்பாரிடையே அது ஒரு பொருட்டே அன்று. ஆயினும் நம் பிள்ளைகளில் ஒருவன் இந்த அளவை எட்டினானே என்ற பூரிப்பு அவர்களுக்கு. அனுமதி கேட்டு ராம்ஜியிடம் சென்றனர். அவர் முடியாது என்று மறுத்துவிட்டார். பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும். அவன் ஒரு தேர்வில் தேறியிருக்கிறான், அவ்வளவுதானே என்பது அவர் கருத்து.

வந்தவர்கள் சோர்ந்துவிடவில்லை. ராம்ஜியின் நண்பரும் எழுத்தாளருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கரை அணுகினர். அவர் எடுத்துரைத்த பின் ராம்ஜி இசைந்தார். கூட்டம் நடந்தது. கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை மாணவருக்குப் பரிசாக அளித்தார். அந்த நூலே தம்மைப் புத்தரிடம் அழைத்துச் சென்ற முதற்படி என்று அம்பேத்கர் எழுதுகிறார். வரலாற்றாசிரியர் சிலர் இவ்விழாவை 1907-ஆம் ஆண்டு அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்ததாகக் கூறுவர். ஆண்டு எதுவாயினும், நிகழ்ச்சி புகட்டும் பாடம் ஒன்றே.

இதில் யார் செய்தது சரி? கூட்டம் கூட்டிய சமுதாயமா, மறுத்த தந்தையா? இரண்டும் சரியே என்பது என் துணிபு. நெடுங்காலம் தலைகுனிந்து வாழ்ந்த மக்களுக்குத் தலைநிமிர ஒரு காரணம் வேண்டும். அதற்கு ஒரு சிறுவனின் தேர்ச்சி போதுமானது. ஆனால் அச்சிறுவன் அத்துடன் நின்றுவிடாதிருக்க வேண்டும். அதற்கு ஒரு தந்தையின் கண்டிப்பு தேவை. ஊர் மாலை போட வேண்டும். வீடு அடுத்த வகுப்பை நினைவூட்ட வேண்டும். விழா எடுக்கும் நம் சங்கமும் இதனை மனத்திற்கொள்ளுதல் நன்று. கேளுஸ்கர் பொன்னாடை போர்த்தவில்லை; நூல் ஒன்றைக் கொடுத்தார். அது ஒரு நாட்டின் வரலாற்றையே மாற்றியது.

இன்னொன்றும் கருதத்தக்கது. அந்த மெட்ரிகுலேஷன் தேர்வில் அம்பேத்கர் பெற்றவை 750-க்கு 282 மதிப்பெண்கள். நூற்றுக்கு நாற்பது கூட இல்லை! மதிப்பெண் தாளைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை அடிக்கக் கை ஓங்கும் பெற்றோர் இந்த எண்ணை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டிவைக்கலாம். குடிநீர்க் குழாயைத் தொட முடியாத பள்ளியிலும், தூங்க இடமில்லாத அறையிலும் படித்து எடுத்த 282 அது. அதே மாணவர்தாம் 1912-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. தேர்வில் தேறினார், கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் முனைவர் பட்டங்கள் பெற்றார். ஓராண்டின் மதிப்பெண் ஒரு மனிதனின் அளவு ஆகாது.

கல்லூரிப் படிப்புக்கு ராம்ஜியின் வருவாய் போதவில்லை. கேளுஸ்கரின் முயற்சியால் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் திங்கள்தோறும் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். பட்டம் பெற்ற மகன் 1913 சனவரியில் பரோடா அரசுப் பணிக்குச் சென்றார். சில நாட்களிலேயே தந்தை நோயுற்ற தந்தி வந்தது. திரும்பும் வழியில், தந்தைக்கு இனிப்பு வாங்கச் சூரத் நிலையத்தில் இறங்கிய மகன் வண்டியைத் தவறவிட்டார். மறுநாளே வீட்டை அடைய முடிந்தது. மகனைக் கண்ணாரக் கண்டபின், 1913 பிப்ரவரி 2-ஆம் நாள் ராம்ஜி கண்மூடினார். மகனின் உலகப் புகழை அவர் காணவில்லை. பட்டதாரி என்னும் ஒரு சொல்லுடன் அவர் பெருமிதம் நிறைவு பெற்றது.

தந்தையிடம் கற்றதை ஊருக்குச் சொன்ன மகன்

அவ்வாண்டிலேயே அமெரிக்கா சென்ற அம்பேத்கர், அங்கிருந்து தம் தந்தையின் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்துள்ளது. பெற்றோர் பிள்ளைக்குப் பிறவியை மட்டுமே தருகின்றனர், ஊழைத் தருவதில்லை என்னும் பழைய எண்ணத்தை நாம் அடியோடு விட்டொழிக்க வேண்டும். பிள்ளையின் விதியை உருவாக்குவோர் பெற்றோரே. ஆண்கல்வியுடன் பெண்கல்வியும் சேர்ந்து நடந்தால் நம் முன்னேற்றம் விரைவுபடும் என்பது அக்கடிதத்தின் கருத்து. தந்தையை இழந்த சில திங்களில் ஒரு மகன் எழுதியது இது.

1942-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அதே கருத்தைத் தாய்மார்களிடம் அவர் வலியுறுத்தினார். பிள்ளைகளுக்குக் கல்வி கொடுங்கள். அவர்கள் உள்ளத்தில் உயர்ந்த ஆசைகளை விதையுங்கள். தாழ்வு மனப்பான்மையை அகற்றுங்கள் என்றார். தாழ்வு மனப்பான்மை என்னும் நோயைத் தம் தந்தையிடமே அவர் முதலில் கேட்டறிந்தார். வீட்டில் பாரதமும் இராமாயணமும் படிக்கவைப்பது ஏன் என்று மகன் வினவியபோது, எளிய நிலையில் தோன்றியோர் எத்தகைய உயரத்தை எட்டினர் என்பதை அறிந்தால் தாழ்வுணர்ச்சி நீங்கும் என்று ராம்ஜி விடையளித்தாராம். அவ்விடை மகனுக்கு முழு நிறைவைத் தரவில்லை. அதையும் அவர் ஒளிக்காமல் எழுதியுள்ளார். தந்தையின் விடையை ஏற்காத மகனும், வினவிய மகனை அடக்காத தந்தையும் வாழ்ந்த வீடு அது.

தமிழகத்திலும் இத்தகைய வரலாறுகள் உண்டு. 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்த இரட்டைமலை சீனிவாசனார், கோயம்புத்தூரில் தாம் கல்வி கற்ற நாட்களைத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் குறித்துள்ளார். தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, மற்ற மாணவருடன் கலந்து விளையாடாமல், மணி அடிக்கும்வரை வெளியே தனித்திருந்து பின்னரே வகுப்புக்குள் நுழைந்தாராம். சதாராவில் சாக்குத் துணி, கோவையில் அச்சம். அத்தகைய அச்சமின்றி நம் பிள்ளைகள் பயில வேண்டும் என்பதற்காகவே சான்றோர் பள்ளிகள் தொடங்கினர். அயோத்திதாசப் பண்டிதரின் ஒத்துழைப்புடன் கர்னல் ஆல்காட் 1894-இல் சென்னை அடையாற்றில் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். சுவாமி சகசானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக்கழகத்துக்கு வித்திட்டார். ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய எம். சி. ராஜா சட்டமன்றத்தில் கல்விக்காகக் குரல் கொடுத்தார். அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தையும் 1946-இல் சித்தார்த்தா கல்லூரியையும் நிறுவினார். நம் சங்கம் போன்ற சிறு அமைப்புகள் யாவும் அப்பெரு மரங்களின் விழுதுகளே.

நாம் செய்யத்தக்கது

இங்கே ஓர் ஐயம் எழலாம். ராம்ஜி படித்தவர், ஓய்வூதியம் பெற்றவர், ஆங்கிலம் அறிந்தவர். கூலி வேலை செய்து, மாலையில் களைத்து வீடு திரும்பும் நம் பெற்றோர் எவ்வாறு அவரைப் பின்பற்ற இயலும்? இவ்வையம் நியாயமானதே. என் ஆசிரியப் பணியில், முன்னேற்ற அறிக்கையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதில் என் மகள் பாஸா, பெயிலா, சொல்லுங்க ஐயா" என்று கேட்ட தாய்மார்களைக் கண்டிருக்கிறேன். விடை கேட்டு முகம் மலர்ந்தவர்களையும் கண்டிருக்கிறேன். ஒன்றும் பேசாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு களைவெட்டப் போனவர்களையும் கண்டிருக்கிறேன்.

ஆயினும் ராம்ஜி செய்தவற்றை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தது அவர் கல்வியால் விளைந்தது. மற்றவை? இரவில் விழித்திருந்து எழுப்பியது, படுக்க இடம் விட்டது, அவமானத்தைக் காரணம் காட்டிப் பள்ளியை நிறுத்தாதது, புகழ்ச்சியில் மயங்காதது, பெண்மக்களையும் குடும்பத்தின் கல்வி முயற்சியில் பங்காளிகளாக்கியது ஆகிய இவற்றுக்கு எழுத்தறிவு தேவையில்லை. மன உறுதி ஒன்றே தேவை.

எழுத்தறிவு தேவைப்படும் பகுதியை நிறைவு செய்யவே கல்விச் சங்கம் இருக்கிறது. ராம்ஜியை ஆசிரியராக்கியது படைமுகாமின் கட்டாயக் கல்வி. அது அடைபட்டபோது ஒரு சமுதாயமே தவித்தது. இன்று கதவுகள் திறந்துள்ளன. மெட்ரிக் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகை 1944 முதல் வழங்கப்படுகிறது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு நலிந்தோரின் கல்வியைப் பேணுதலை அரசின் கடமையாக்கியது. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளின் கல்வியை அடிப்படை உரிமையாக்கிய சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் படிவம் நிரப்பத் தெரியாமலும், சாதிச் சான்றிதழ் உரிய காலத்தில் கிட்டாமலும், நாள் தவறியதாலும் உதவியை இழக்கும் பிள்ளைகள் உளர். படித்த இளைஞர்கள் கிழமைக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டின் முன்னேற்ற அறிக்கையையும் பெற்றோர்க்குப் படித்துக் காட்டினாலே அது பெருந்தொண்டாகும். எந்தப் பாடத்தில் பிள்ளை பின்தங்குகிறது என்று அறிந்த தாய், அடுத்த நாள் ஆசிரியரிடம் கேள்வி கேட்பார். கேள்வி கேட்கும் பெற்றோர் உள்ள பள்ளியில் எந்தப் பிள்ளையையும் மூலையில் அமர்த்த எவருக்கும் துணிவு வராது.

அண்ணனின் படிப்புக்காகத் தங்கையை நிறுத்தும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். ஆனந்தராவ் பள்ளியை விட்டது வேறு வழியற்ற காலத்தில். விடுதியும் உதவித்தொகையும் உள்ள இக்காலத்தில் ஒரு பிள்ளையின் கல்விக்கு மற்றொரு பிள்ளையைப் பலி கொடுப்பது தியாகமன்று, கவனக்குறைவே ஆகும்.

இளைஞர்களே! உங்கள் மதிப்பெண் தாளில் கையெழுத்து இடப்பட்டிருக்கலாம், கைநாட்டு இடப்பட்டிருக்கலாம். எதுவாயினும் அதற்குப் பின்னே ஒருவர் விழித்திருந்த இரவுகள் உள்ளன. உங்களைக் கடிந்துகொள்ளும் சொல்லில் அவர்தம் அச்சத்தையும், உங்களைப் பற்றி அண்டை வீட்டாரிடம் பேசும் சொல்லில் அவர்தம் பெருமிதத்தையும் கண்டுகொள்ளுங்கள். பெற்றோரே! பிள்ளை தேறினால் மகிழுங்கள். தேறாவிடில் மீண்டும் எழுப்பி விளக்கின் முன் அமர்த்துங்கள். சுபேதார் ராம்ஜி செய்தது அவ்வளவே. அதிலிருந்து விளைந்ததை நாடு அறியும்.